புரட்டாசியில் ஒரு வாத்துப் போர்வை

புரட்டாசி முதல் சனிக்கிழமை விடிந்தபோது நான் ஒரு சபதம் எடுத்தேன். எப்பாடு பட்டாவது என் மனைவியை ஹாலிலிருந்து என் அறைக்குக் குடிபெயர்த்துவிடுவது.

கேட்பவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. ஹாலுக்கும் அறைக்கும் நடுவே இருப்பது ஒரு கதவு. ஆனால் அந்தக் கதவு சாத்தியே இருக்கும். திறந்தால் குளிர் வெளியே போய்விடும். ஏசி வாங்கியவர்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியும்.

என் பெயர் சமுத்திரம். இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் மேஸ்திரி. பெயரில்தான் தண்ணீர், உடம்பெல்லாம் நெருப்பு. நூல் அறுந்துவிடக் கூடாது என்று மில்லுக்குள் காற்றை ஈரமாகப் புழுங்க வைத்திருப்பார்கள். நூல் பத்திரமாக இருக்கும். மேஸ்திரி வெந்துபோவான். ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது நான் அவித்த பனங்கிழங்கு மாதிரி இருப்பேன். உரித்தால் ஆவி வரும்.

என் மனைவி அழகுத்தாய் நேர் எதிர். அவளுக்கு பேண்டேஜ் துணி தயாரிக்கும் ஒரு யூனிட்டில் வேலை. நாள் முழுக்கத் துணி சுருட்டுவதாலோ என்னவோ, தன்னையும் எதிலாவது சுருட்டிக்கொள்ளாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. சித்திரை மாதத்தில் விசிறியைக் குறைக்கச் சொல்வாள். அய்யனார் கோவில் அருவிக்குக் கூட்டிப்போனால், குளித்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்தே நடுங்குவாள்.

கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான். நான் சட்டையைக் கழற்றிப் போட்டேன். அவள் பழைய சேலைகளை மடித்துப் போர்த்திக்கொண்டாள். குடும்பம் நடந்தது.

பிறகு மகள் அனுசியாவுக்குக் கல்யாணம் ஆனது. தலை தீபாவளிக்கு வரும் மாப்பிள்ளைக்கு வேர்க்கக் கூடாது என்று ஏசி வாங்கினோம். மாப்பிள்ளை நன்றாகத் தூங்கிவிட்டு மகளோடு புனேவுக்குப் போய்ச் சேர்ந்தார். ஏசி எங்களோடு இருந்துவிட்டது. நான் பதினெட்டில் வைத்தேன். அவள் இருபத்தெட்டில் வைத்தாள். நான் திரும்பிப் படுப்பதற்குள் எண் ஏறியிருக்கும். அவள் கண் அசருவதற்குள் இறங்கியிருக்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் அவள் தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டாள்.

சண்டை எதுவும் இல்லை. அதுதான் சங்கடம். சண்டை போட்டுவிட்டுப் போயிருந்தால் சமாதானம் பேசி அழைத்து வரலாம். "குளிருது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனவளை என்ன சொல்லி அழைப்பது?

முதல் வாரம் எனக்கு ராஜவாழ்க்கை. குறுக்கே படுத்தேன். நெடுக்கே படுத்தேன். அப்புறம்தான் ஒன்றைக் கவனித்தேன். விளக்கை அணைத்த பிறகு பேச ஆள் இல்லை.

நாங்கள் பகலில் அதிகம் பேசுகிறவர்கள் இல்லை. எங்கள் பேச்செல்லாம் இருட்டில்தான். மில்லில் யார் யாரோடு முறைத்துக்கொண்டார்கள், யூனிட்டில் யாருக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், அனுசியா போனில் சொன்னதில் எது நிஜம், எதை நம்மிடம் மறைக்கிறாள், எல்லாம் முகம் தெரியாதபோதுதான் வரும். இப்போது அதையெல்லாம் காலையில் சொல்லலாம் என்று சேர்த்து வைக்கிறேன். காலையில் குக்கர் கத்துகிறது. அதற்குள் யூனிட் வேன் வந்துவிடுகிறது. ராத்திரி சிரித்திருக்க வேண்டிய விஷயம் விடிந்த பிறகு சிரிப்பாக வருவதில்லை.

கதவுக்கு அந்தப் பக்கம் டிவி பார்த்து அவள் சிரிப்பது கேட்கும். எதற்குச் சிரித்தாள் என்று தெரியாது. எழுந்து போய்க் கேட்கலாம்தான். குளிர் வெளியே போய்விடும்.

'வா' என்று கூப்பிட வேண்டியதுதானே என்பீர்கள். மில்லில் ஒரு ஷிப்டையே அதட்டுகிற வாய் இது. இந்த ஒற்றை எழுத்து மட்டும் தொண்டையில் வந்து அறுந்துவிடும். ஆகவே நான் கூப்பிட வேண்டாம், எனக்குப் பதிலாகக் கூப்பிடுகிற மாதிரி ஒரு பொருளை வாங்கிவிடுவோம் என்று முடிவு செய்தேன்.

அன்று இருவரும் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் இருக்கும் திருவண்ணாமலைக்குப் போனோம். தீபம் ஏற்றுகிற ஊர் இல்லை, இது பெருமாள் மலை. புரட்டாசிச் சனிக்கிழமை என்றால் அந்த மலையில் ஆளோடு ஆள் முட்டும். அழகுத்தாய் மாதம் முழுக்க விரதம். எங்கள் தெருவே அப்படித்தான். புரட்டாசியில் முட்டை என்று சொன்னால்கூட வாய் கொப்பளித்துவிட்டு வரச் சொல்வார்கள். பெருமாளைச் சேவித்து இறங்கியதும், ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் அவள் சித்தி வீட்டில் அவளை உட்கார வைத்துவிட்டு, "செத்த நேரத்துல வாரேன்" என்று கடைத்தெருவுக்கு நழுவினேன்.

பக்கீர் முகமது பாய் அங்கே மெத்தைக் கடை வைத்திருக்கிறார்.

"ஒரு போர்வை வேணும் பாய். நல்லா கனமா. ஆனா கனம் தெரியக் கூடாது."

பாய் என்னை நிதானமாகப் பார்த்தார். யாருக்கு என்று கேட்டார். வீட்டில் ஒருவருக்குக் குளிரும், ஒருவருக்குப் புழுங்கும் என்று யாருடைய வீடு என்று சொல்லாமல் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை.

"ரெண்டு போர்வையா எடுத்துருங்க அண்ணாச்சி. அவிகளுக்குத் தடிப்பா ஒண்ணு. ஒங்களுக்கு மெலிசா ஒண்ணு. சோலி முடிஞ்சுது."

"ரெண்டு வேணாம் பாய். ஒண்ணுதான்."

"ஏன்?"

"ரெண்டுன்னா அவ தன்னோடத எடுத்துக்கிட்டு ஹாலுக்குப் போயிருவா."

சொன்ன பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. பாய் சிரிக்கவில்லை. உள்ளே போய்ப் போர்வைகளை எடுத்து வந்து போட்டார்.

முதலாவது பஞ்சு. ஒரு பக்கத்தைத் தூக்கியதுமே எனக்கு மில் ஞாபகம் வந்துவிட்டது. இரண்டாவது செயற்கைப் பஞ்சு. அது வேர்வையை வெளியே விடாது, ஒங்களுக்கு ஆகாது என்று அவரே ஒதுக்கினார். மூன்றாவதைப் பிரித்தபோது கடையில் சத்தமே இல்லாமல் ஒரு மேகம் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. கொடைக்கானலில் ஒரு ஓட்டலுக்கு எடுத்ததாம், ஒன்று மிச்சமாம். உள்ளே வாத்தின் நெஞ்சுப்பக்கத்து மெல்லிய இறகு. கட்டம் கட்டமாகத் தைத்து, பாதிப் போர்வையில் இறகை நிறைய அடைத்து, மறுபாதியில் கொஞ்சமாகப் போட்டிருந்தார்கள். குளிர்கிறவர் அந்தப் பக்கம், புழுங்குகிறவர் இந்தப் பக்கம். இப்படிப்பட்ட தம்பதிகளுக்காகவே செய்வதாம்.

தடித்த பக்கத்தில் கையை விட்டேன். அடுப்படி. மெல்லிய பக்கத்தில் விட்டேன். கை இருப்பதே தெரியவில்லை. உலகத்தில் எங்கேயோ என்னைப் போல் ஒருவன் தனியாகப் படுத்துக் கிடந்துதான் இதைக் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

"புரட்டாசி மாசம் அண்ணாச்சி," என்றார் பாய். "எறகு சமாச்சாரம். வீட்டுல ஒண்ணும் சொல்ல மாட்டாகளே? ஐப்பசி பொறந்து வாங்க. எடுத்து வச்சிருக்கேன்."

நல்ல யோசனைதான். ஆனால் ஐப்பசி வரைக்கும் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க என்னால் முடியாது. நான் பஞ்சு ஊர்க்காரன். பஞ்சு என்று சொன்னால் யார் சந்தேகப்படப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அழகுத்தாய் அதைத் தடவிப் பார்த்தாள்.

"என்ன பஞ்சு இது?"

"ஒசந்த பஞ்சு."

"இம்புட்டு லேசாவா?"

"எக்ஸ்போர்ட்டு."

எங்கள் ஊரில் விளக்க முடியாத எதற்கும் எக்ஸ்போர்ட் என்று சொன்னால் போதும். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. தடித்த பக்கத்தைக் கழுத்துவரை இழுத்துப் பார்த்தாள். முகம் லேசாக மலர்ந்தது. எழுந்து போனாள். திரும்பி வரும்போது கையில் தலையணை.

அடுத்த சில நாட்களைப் பற்றி நான் அதிகம் சொல்ல மாட்டேன். சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் கொட்டினேன். மில்லுக்குப் புதிதாக வந்த பால்ச்சாமி, முதலாளி என்று நினைத்து முதலாளியின் டிரைவருக்கு வணக்கம் போட்டு லீவு கேட்டதையும், டிரைவர் தாராளமாகக் கொடுத்துவிட்டதையும் சொன்னேன். அவள் போர்வைக்குள் குலுங்கிச் சிரித்தாள். குலுங்கல் என் பக்கம் வரை வந்தது. ஏசி பதினெட்டில் ஓடியது. அவள் வேர்க்கிறது என்றாள். என் காதையே நம்ப முடியவில்லை.

ஒருநாள் மழை தூறியது. போர்வை ஈரத்தை இழுத்துக்கொண்டது.

"என்னமோ வாடை வருதுங்க," என்றாள்.

"மழை வாடை."

மறுநாள் மழை இல்லை. வாடை இருந்தது. கண்மாய்க் காற்று என்றேன். அதற்கு மறுநாள் காற்றும் இல்லை. விரதம் இருக்கிறவர்களின் மூக்குக்கு என்ன சக்தி வந்துவிடுகிறதோ, அவள் போர்வையை மோந்து பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்த்தாள்.

"பஞ்சுதான?"

"சுத்தமான பஞ்சு."

"அப்பச் சரி."

நான் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். அழகுத்தாய் அப்பச் சரி என்று சொல்லி எதுவும் சரியாக முடிந்ததில்லை.

மூன்றாம் சனிக்கிழமை, நான் ஷிப்ட் முடிந்து வந்தபோது வீட்டில் அவளைக் காணோம். மொட்டைமாடியில் இருந்தாள். தரையில் விரித்த போர்வை. பக்கத்தில் கத்தரிக்கோல்.

என்ன செய்கிறாய் என்றேன். பஞ்சு ஈரம் குடித்துவிட்டது, அதனால்தான் வாடை, பிரித்து உதறி வெயிலில் காயப்போட்டால் சரியாகப் போய்விடும் என்றாள். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் ஊரில் எல்லார் வீட்டு மெத்தைக்கும் தலையணைக்கும் செய்கிற வைத்தியம்தான். பஞ்சு என்று ஒருமுறை சொல்லிவிட்டவன் இதை எப்படித் தடுப்பான்?

"எக்ஸ்போர்ட்டு பஞ்சைப் பிரிக்கக் கூடாது," என்றேன்.

"வெயிலுக்கு எக்ஸ்போர்ட்டு என்ன, உள்ளூரு என்ன?"

"சனிக்கெழமை கத்தரி எடுக்கக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லும்."

"ஒங்கம்மா சனிக்கெழமைதான் ஒங்களுக்கு முடியே வெட்டிவிடுவாக. நீங்கதான் சொல்லிருக்கீக."

கத்தரிக்கோலைத் தையலில் வைத்துக்கொண்டு அவள் வெட்டாமல் இருந்தாள். எனக்காகக் காத்திருந்தாள் என்று இப்போது தெரிகிறது.

"வேற ஒண்ணும் சொல்றதுக்கு இல்லையே?"

இல்லை என்றேன்.

வெட்டினாள். ஒரு கட்டம்தான் வெட்டினாள். மேற்கே மலைப்பக்கமிருந்து அந்த நேரம் பார்த்து ஒரு காற்று. இறகுகள் எழுந்தன. நான் கையால் பிடித்தேன். வேட்டியால் பிடித்தேன். கடைசியில் போர்வை மேலேயே குப்புற விழுந்தேன். விழுந்த வேகத்தில் மற்ற கட்டங்களும் பிதுங்கிக் கிழிந்தன. தெருவுக்கு மேலே வெள்ளையாக ஒரு கூட்டம், அவசரமே இல்லாமல் மிதந்து போனது.

வேறு ஊராக இருந்தால் உடனே கூச்சல் எழுந்திருக்கும். எங்கள் ஊரில் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. காற்றில் பஞ்சு பறப்பது இங்கே தினசரிக் காட்சி. தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வீட்டுச் சீனியம்மாள் மதினி முற்றத்தில் பெருமாளுக்குப் படையல் போட்டிருந்தாள். தலைவாழை இலை, சர்க்கரைப் பொங்கல், வடை, சுண்டல். பொங்கலின் மேல் ஒன்று வந்து உட்கார்ந்தது. பஞ்சு என்று நினைத்து எடுத்துப் போட்டாள். இன்னொன்று. எடுத்தாள். அதை வெயிலுக்கு நேராகப் பிடித்தாள். நடுவில் காம்பு இருந்தது. பஞ்சுக்குக் காம்பு ஏது?

மதினி மாடிக்கு வந்தபோது பின்னால் தெருப் பெண்கள் சிலர் இருந்தார்கள்.

"தம்பி, இது கோழியா?"

"வாத்து மதினி," என்றேன். பொய் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தது.

"நான் பெருமாளுக்கு எலை போட்டு வச்சிருக்கேன். நீங்க அதுல வாத்தைப் பறக்க விடுதீக."

நான் அழகுத்தாயைப் பார்த்தேன். அதிர்ச்சியடைய வேண்டியவள் அவள்தான். விரத மாதத்தில் வாத்துக்கு அடியில் படுத்திருந்தவள் அவள்தான். ஆனால் தலையில் ஒட்டிய இறகை நிதானமாக எடுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு விளங்கிவிட்டது.

"ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

"மழை தூறுன அன்னைக்கே தெரியும். குளிச்சு முழுகிட்டுத்தான் தெனமும் சாமிக்கு வெளக்குப் போட்டேன்."

"கேக்க வேண்டியதுதான?"

"நீங்களாச் சொல்லுவீகன்னு பாத்தேன்." கையிலிருந்த இறகை ஊதிவிட்டாள். "சரி, இப்பயாவது சொல்லுங்க. வெயிலுக்கு மயங்கி விழுற ஊர்ல, புரட்டாசி மாசத்துல, இந்தப் போர்வை எதுக்கு?"

பெண்கள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். என் மீசையில் ஓர் இறகு இருந்தது. தும்மல் வந்தது. தும்மலோடு சேர்ந்து வந்துவிட்டது.

"நீ ஹாலுக்குப் போன பொறவு எனக்குத் தூக்கமே வரல."

யாரும் சிரிக்கவில்லை. ஒரு பெண் முந்தானையைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் பார்த்தாள். அழகுத்தாய் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"ஏசிதான் இருக்குல்ல. அது இருந்தா ஒங்களுக்குத் தூக்கம் வருமே."

"ஏசி கெடக்கு. பேச்சுத் தொணைக்கு ஆகுமா அது?"

"நான் ஹால்லயே படுத்தா?"

"நானும் ஹால்லயே படுக்கேன்."

"ஏசி இல்லாம?"

"நீ இருந்தாப் போதும். ஏசி எதுக்கு?"

சொல்லிவிட்டேன். உடம்பில் இருந்த சூடெல்லாம் அந்த வாக்கியத்தோடு வெளியே போன மாதிரி இருந்தது. அழகுத்தாயின் கண் ஓரம் ஈரமாக இருந்ததா, இறகு பட்டதா, தெரியவில்லை. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு சீனியம்மாள் பக்கம் திரும்பினாள்.

"யக்கா, அவிய வாயாலயே சொல்லிட்டாக. கேட்டுக்கிட்டீகல்ல?"

என்ன கேட்டுக்கொண்டாள் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. மறுநாள் காலை மெக்கானிக் ஏணியோடு வந்தபோது புரிந்தது.

சீனியம்மாளின் மாப்பிள்ளை மெட்ராஸில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர். மகள் பிரசவம் முடிகிறவரை இங்கேயே தங்கி வீட்டிலிருந்தபடி வேலை செய்யப் போகிறாராம். அவருக்குப் புழுங்கினால் விரல் ஓடாதாம். எங்கள் ஏசியைத் தரச்சொல்லி மதினி ஆவணியிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அவியளே வேணாம்னு சொன்னாத்தான் தருவேன், ஒரு நாள் சொல்லுவாக, பொறுங்க என்று அழகுத்தாயும் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

படையலைக் கெடுத்தவன் என்ற முறையில் என்னால் ஒன்றும் பேச முடியவில்லை. ஏசியை இறக்குவதற்கு நானே ஏணியைப் பிடித்துக்கொண்டேன். மிச்சமிருந்த இறகைச் சாக்கில் கட்டி மாடியில் போட்டாயிற்று. ஐப்பசி வரை அது வீட்டுக்குள் வர அனுமதி இல்லை.

அன்று ராத்திரி ஹாலில் இரண்டு பாய்கள் விரிந்தன. விளக்கை அணைத்தாள். விசிறி கடகடத்தது.

"வான்னு ஒரு வார்த்தை சொல்லிருந்தா வந்துருப்பேன்," என்றாள் இருட்டில்.

"குளிருமே ஒனக்கு."

"குளிரத்தான் செய்யும். அதுக்காக வராம இருந்துருப்பேனா? நீங்க சொல்லலையே."

இந்த இரண்டு வருஷமும் ஒரு கதவுக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேர் முழித்துக் கிடந்திருக்கிறோம் போலிருக்கிறது. கையை நீட்டினால் அவள் பாய் எட்டியது. சொல்ல எத்தனையோ இருந்தது. எங்கே ஆரம்பிக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது ஜன்னலுக்கு வெளியே ஏதோ உறுமியது. தொடர்ந்து அனல் காற்று உள்ளே வீசியது. எழுந்து பார்த்தேன். இரண்டு வீட்டுக்கும் நடுவே உள்ள சந்தில், ஏசியின் வெளிப்பெட்டியை மாட்ட மெக்கானிக்குக் கிடைத்த ஒரே சுவர் எங்கள் ஹால் ஜன்னலுக்கு நேர் எதிரே இருந்திருக்கிறது. ஜன்னலைச் சாத்தப் போனேன்.

"அடைக்காதீக," என்றாள் அழகுத்தாய். "ஒடம்புக்கு எம்புட்டு இதமா இருக்கு."

பாயை ஜன்னலோரமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். போர்வைகூடக் கேட்கவில்லை. மில்லில் நடந்த ஒரு கதையை ஆரம்பித்தேன். முதலில் ஒரு 'ம்' வந்தது. அப்புறம் வரவில்லை. கதை பாதியில் நிற்க, அவள் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

நான் முழித்துக்கொண்டு கிடக்கிறேன். அடுத்த வீட்டு மாப்பிள்ளையின் புழுக்கத்தையெல்லாம் உறிஞ்சி எடுத்து, நான் வாங்கிய ஏசி, என் தலைமாட்டில் கொட்டிக்கொண்டிருக்கிறது.